ஒரு வளையம் குறைவு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டுத் தன் பங்கைக் குடித்துவிட்டு, மனைவியின் டம்ளரைத் தட்டால் மூடி வைத்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அவளுடைய காரை ஜாக்கியில் ஏற்றினான்.

வண்டி திரும்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் 'டக் டக்'. சி.வி. ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. மெக்கானிக்கான அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்யக்கூடிய வேலை.

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போகணும். அதுக்குள்ள மாத்திடுங்க" என்று அவள்தான் சொல்லியிருந்தாள். மலைமேல் இருக்கும் வங்கிக் கிளைக்கு அவளுக்கு மாற்றல். மூன்று வருடம். உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான்கு நாளாக வீட்டில் பேச்சு, சாப்பாட்டோடு சரி.

இன்று வெள்ளி.

பழையதைக் கழற்றினான். அச்சைத் துடைத்தான். புது ஜாயின்ட்டில் கிரீஸ் அடைத்தான். மிச்சம், லாக் எனப்படும் சின்ன இரும்பு வளையம். அச்சு நுனியில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்தால்தான் ஜாயின்ட் கழலாது.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜாயின்ட்டைப் பேருக்குச் செருகி, ரப்பர் உறையை இழுத்து மூடினான். இனி வண்டியைச் செய்தவனுக்கே தெரியாது.

எந்தத் திருப்பத்தில் கழலும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

மதில்மேல் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு போலீஸ்காரரின் தலை முளைத்தது. "என்ன தம்பி, காலங்காத்தால ஆபரேஷன்?"

"வீட்ல மலைக்குப் போறாங்க சார்."

"முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. நல்லா முறுக்கிவிடுங்க. என் சர்வீஸ்ல ஒருத்தன் பொண்டாட்டி வண்டியில கைய வச்சான். மூணே நாள்ல தூக்கிட்டோம்."

அவன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

எட்டரைக்கு அவள் வந்தாள். கையில் ஒரு ஃபைல் மட்டும். பெட்டியை இரவே ஏற்றிவிட்டாள் போல.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"பாத்துப் போ."

கார் கேட்டை நோக்கி நகர்ந்து, வாசலில் வளைந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

'டொக்.'

இன்ஜின் உறுமியது. கார் அசையவில்லை.

கணக்குப் பிசகவில்லை; முதல் திருப்பம், வீட்டு வாசல். அச்சு கழன்ற வண்டி கத்தும், ஓடாது. யாருக்கும் ஒரு கீறல் விழாது. அவளும் போக முடியாது.

அவள் இறங்கி நேராக அவனிடம் வந்தாள். சட்டைப் பையில் வட்டமாக ஊறியிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தாள். இரண்டு விரலை விட்டு வளையத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"போகாதன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். சீக்கிரம் மாட்டுங்க. மாற்றல் வேணாம்னு பதினோரு மணிக்குள்ள மலைக்குப் போய் ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்கலன்னா, நிஜமாவே மூணு வருஷம் அங்கதான்."