டாங்கி போட்ட மனு

துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றுக்குள் ஒரு டாங்கி இருந்தது. யாராவது ராக்கெட் குழாயைத் தோளில் வைத்து ஒரு தடவை சுட்டால் போதும், அது வெடித்துச் சிதறிவிடும். அதனால் அதில் ஏறி ஓட்ட ஆளே வரவில்லை. மனம் நொந்த டாங்கி, விளையாட்டைச் செய்தவருக்கு மனு மேல் மனுவாக அனுப்பியது.

வெள்ளிக்கிழமை அப்டேட்டில் குழாயின் வலு குறைந்தது. டாங்கியை ஓட்ட ஆளும் வந்தது. பத்து ராக்கெட் பட்டாலும் டாங்கி அசையவில்லை.

"இன்னொண்ணு போடு தம்பி, முதுகு சொறிய இதமா இருக்கு!"

"சிரிங்கண்ணே, நல்லா சிரிங்க" என்றது குழாய்.

நடந்து வந்து சண்டை போட்டவர்கள் சலித்துப்போய் ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டார்கள். சுட ஆளில்லாமல், டாங்கியை ஓட்டியவனும் இறங்கிப் போய்விட்டான். டாங்கி மறுபடி காலி.

பக்கத்தில் தரையில் கிடந்த குழாயிடம் அது மெல்லப் பேச்சுக் கொடுத்தது.

"தம்பி, இன்னொரு மனு எழுதலாமா? அஞ்சாவது ராக்கெட்ல நான் வெடிக்கணும்னு."

"மூணு."

"நாலு. அதுக்குக் கீழே வேண்டாம்ப்பா."

"சரிண்ணே, முன்னாடி பட்டா நாலு. முதுகுல பட்டா ரெண்டு."

"முதுகுல மட்டும் ஏன் அவ்வளவு கம்மி?"

"அங்கதானே உங்களுக்கு அரிக்குது?"

டாங்கி அதையும் மனுவில் எழுதிக்கொண்டது.