ஒரே இடத்தில் வைக்காதே

கம்ப்யூட்டர் சர்வர் விழாமல் காப்பது எப்படி என்று துபாய் நட்சத்திர ஹோட்டலில் பாடம் கேட்டு வந்த தேரா பகுதி கார்கோ கம்பெனி முதலாளி கனகசபை, ஊழியர்களைக் கூட்டி ஞானத்தைப் பொழிந்தார்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கக் கூடாது. ஒண்ணு போனா மொத்தமும் போயிரும். அப்படியே போனாலும், யாருன்னு கேக்கக் கூடாது. ஏன்னுதான் கேக்கணும்."

"எங்க பாஸ்போர்ட் எல்லாம் உங்க லாக்கர்லதானே சார் இருக்கு? தீப்பிடிச்சா?" என்றான் கம்ப்யூட்டர் பார்க்கும் அருள்ராஜ்.

பாடம் இத்தனை சீக்கிரம் ஏறிவிட்டதே என்று பூரித்த கனகசபை, அங்கேயே பாஸ்போர்ட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். மூன்று வருடமாக லீவு கேட்டு அலுத்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை சர்வர் விழுந்தது. ஆபீசில் ஈ காக்கை இல்லை. அருள்ராஜுக்கு போன் போட்டார்.

"எங்கய்யா இருக்கே?"

"திருச்சி ஏர்போர்ட்ல சார். எல்லாரும்தான்."

"யாருய்யா இதுக்கெல்லாம் காரணம்?"

"யாருன்னு கேக்கக் கூடாது சார். ஏன்னு கேளுங்க."