பத்தேகால்

கொட்டாஞ்சேனைக் கிட்டங்கியைப் பத்து வருடமாய்க் கூட்டித் துடைக்கும் செல்லத்தம்பிக்கு வாசல் காவல் வேலைமேல் கண். "லொறி வரும் நேரத்தை இங்கிலீசில் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் வேலை" என்றுவிட்டார் துரை.

பரீட்சைக்குக் கூப்பிட்டு, சுவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"இட் இஸ் குவார்ட்டர் பாஸ்ட் டென், சேர்!"

துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். சீமை மணிக்கூடு பிழையான நேரம் காட்டுமா? கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு வேலையைக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பாலேஸ்வரி வாயைப் பிளந்தாள். "ஏபிசிடியே தெரியாத மனிசன், எப்பிடியப்பா சொன்னனீங்கள்?"

"அந்த ஒண்டைத்தான் பாடமாக்கினனான்."

"மணிக்கூட்டில வேற நேரம் இருந்திருந்தால்?"

"எப்பிடி இருக்கும்? அதுக்குத் தினமும் சாவி குடுக்கிறது ஆரெண்டு நினைச்சனீ?"