கால் கழுவும் தொட்டி

"காலைக் கழுவி ஏத்துறதுக்கு நான் என்ன கலியாண மாப்பிள்ளையோ, தங்கச்சி?"

குறிகட்டுவான் இறங்குதுறையில், தீவு பார்க்க வந்த ஏரம்பு இப்படிக் கேட்டதும் பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. கையில் பிரஸ்சும் சவர்க்காரமுமாக நின்ற பவதாரணியும் சிரித்து வைத்தாள். அவர் தொட்டித் தண்ணீரில் ஒரு பெருவிரலை மட்டும் நனைத்துவிட்டுக் கப்பலில் ஏறிவிட்டார். மற்றவர்களும் அப்படியே.

வேலணைக்காரி பவதாரணியும் அவளோடு படித்த நிருபனும் சேர்ந்து ஓட்டும் சின்னக் கப்பல் அது. நயினாதீவு, நெடுந்தீவு என்று சுற்றிக் காட்டும். பவளப்பாறையில் நங்கூரம் போடமாட்டார்கள், மணலில்தான் போடுவார்கள். பிளாஸ்ரிக் போத்தல் கொண்டுவரக் கூடாது, நெடுந்தீவுக் குதிரைகளுக்கு பிஸ்கட் நீட்டக் கூடாது. இதற்கெல்லாம் முணுமுணுத்தாவது சம்மதித்த சனம், கால் கழுவச் சொன்னால் மட்டும் முரண்டு பிடித்தது.

விஷயம் காலில் இல்லை, செருப்பில்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளில் பரவிக் கிடக்கிற பார்த்தீனியச் செடியின் விதை, செருப்படி மண்ணில் ஒட்டிக்கொண்டு கடலையும் தாண்டிவிடும். நெடுந்தீவில் அது பிடித்துக்கொண்டால் மாட்டுக்கும் குதிரைக்கும் மேய நிலம் மிஞ்சாது.

பயந்தபடியே ஒரு செடி போய்ச் சேர்ந்தது. நெடுந்தீவுத் துறைக்குப் பக்கத்தில் அதைக் கண்டு பிடுங்கியவர் கிறேசம்மா. அங்கே மாடு வளர்ப்பவர்களின் சங்கத் தலைவி. பையில் சுற்றிய செடியைக் கப்பலுக்கே கொண்டுவந்து பவதாரணியின் கையில் கொடுத்தார்.

"பூக்க முதல் கண்டபடியால் தப்பினனாங்கள். வாற மாசம் நானே குறிகட்டுவானுக்கு வந்து பாப்பன், பிள்ளை. ஒருத்தற்ற செருப்பில மண் இருந்தாலும் உம்மட கப்பல் எங்கட துறையில கட்ட ஏலாது."

நெடுந்தீவு இல்லையென்றால் அந்தக் கப்பலுக்குப் பயணமே இல்லை. பவதாரணி பரபரவென்று வேலையில் இறங்கினாள். செடியின் படத்தைப் பெரிதாக அடித்துத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டாள். ஏறுகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் விதையைப் பற்றி, புல்லைப் பற்றி, பால்மாட்டைப் பற்றிப் பேசினாள். ஆட்கள் தலையாட்டிக்கொண்டே போனில் படம் எடுத்தார்கள். கடல் பக்கம்தான் எடுத்தார்கள்.

"நீ பேசுறதைக் கேட்டு அந்தச் செடி வேணுமெண்டால் பட்டுப்போகும். சனம் மாறாது" என்றான் நிருபன்.

ஆனால் சனம் மாறியது. முதலில் ஒரு குடும்பம் தொட்டியடியில் நின்று நிதானமாகத் தேய்த்துக் கழுவியது. அடுத்த பயணத்தில் பாதிப் பேர். அதற்கடுத்ததில், பஸ்சால் இறங்கியதும் இறங்காததுமாகத் தொட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனின் காலுக்குத் தானே தண்ணீர் அள்ளி ஊற்றினாள். கழுவி முடித்த ஒருவர் யோசித்துவிட்டுத் திரும்ப வந்து இன்னொரு தரம் கழுவினார். பவதாரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

சொன்னபடியே கிறேசம்மா வந்தார். அன்றைக்கு வரிசை இறங்குதுறையைத் தாண்டி பஸ் நிற்கிற இடம்வரை போயிருந்தது. ஆணும் பெண்ணும் விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார்கள். குதி உயர்ந்த செருப்புப் போட்ட ஒரு பெண், வீட்டிலிருந்தே பழைய பற்தூரிகை கொண்டுவந்து அதன் அடியைச் சுரண்டினாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அழுக்குத் தண்ணீரை நிருபன் துணியில் வடித்து, சிக்கிய விதைகளை எரிக்கவென்று தகர வாளியில் போட்டான்.

கிறேசம்மா வரிசையோடு நடந்தார். சப்பாத்துகளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு செருப்பின் வரிக்குள் நகத்தை விட்டுக் கிண்டினார். நகம் வெள்ளையாகவே வந்தது.

"உம்மட கப்பல் தாராளமா வரட்டும்" என்றார் கிறேசம்மா. "இனி இப்பிடித் தொட்டி வைக்காத படகு ஒண்டும் எங்கட துறைக்கு வரக்கூடாதெண்டு சங்கத்தில நானே சொல்லுறன்."

நிருபன், கப்பல் புறப்படும்போது ஊதுகிற சங்கை எடுத்து நீளமாக ஊதினான். கப்பலில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே கை தட்டினார்கள்.

இந்தப் பிடிவாதம் பிடித்த சனத்தை எப்படி மாற்றினாள் என்று கிறேசம்மா கேட்டார். பவதாரணி நெஞ்சை நிமிர்த்தினாள்.

"விளக்கமாச் சொன்னால் எங்கட சனம் கேக்கும், அக்கா. மாடுகள் படப்போற பாட்டைச் சொன்னனான். அவைக்கு மனசில தைச்சிட்டுது."

கப்பல் கயிற்றை அவிழ்க்கப் போகிற நேரம், ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தார். சரவணைக் கிராமத்து மீனாம்பிகை என்று தன்னைச் சொன்னார். பின்னால் வளர்ந்த மகன் வெட்கத்தோடு வந்தான். இடம் இல்லை, அடுத்த பயணத்துக்கு வாருங்கள் என்றாள் பவதாரணி.

"ஐயோ பிள்ளை, நாங்கள் கப்பலுக்கு வரேல்லை. இவன்ர காலை மட்டும் ஒருக்காக் கழுவிட்டுப் போறம். எங்கட சம்மந்தி வீட்டுப் பொடியன் உங்கட தொட்டியில கால் கழுவின கையோட அவனுக்குக் கனடா விசா வந்திட்டுது. இப்ப தீவு முழுக்க இதுதானே கதை!"

பவதாரணி தொட்டிக்கு மேலே தொங்கிய செடிப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். கிறேசம்மா அவளைப் பார்த்தார், நீண்ட வரிசையில் கழுவி ஏறியவர்களைப் பார்த்தார், பிறகு சிரிப்பின் சாயலே இல்லாமல் பிரஸ்சை எடுத்து அந்தப் பொடியனின் கையில் கொடுத்தார்.

"செருப்பின்ர அடியை நல்லா உரஞ்சும், தம்பி. எம்பசியில அதைத்தான் முதல் பாப்பினமாம்."