அந்த ஒரு ஓட்டு யாரோடது?

"முப்பத்தெட்டு வருஷமா புருஷனை ஏமாத்திக்கிட்டு இருக்கேன் தம்பி. இப்ப உங்களால மாட்டிக்கப் போறேன்."

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தையே இதுதான். பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன. கண் திரையில், காது முழுக்க இங்கே.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பழைய தேர்தல் முடிவுகளையெல்லாம் தூசி தட்டி, ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்றுகிறோம். இதில் ஏமாந்த புருஷன் எங்கே வந்தான்?

"கொஞ்சம் விவரமா சொல்லுங்கம்மா."

"பன்னிரண்டாம் வார்டு நகரசபைத் தேர்தல். ஒரே ஒரு ஓட்டு வாங்கினாரே ஒருத்தர், அவருதான் என் வீட்டுக்காரர்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போன வாரம் அந்தப் பக்கத்தை ஏற்றியபோது ஆபீஸே சிரித்தது.

"சிரிங்க, பரவாயில்லை. அன்னிக்கு ஊரே சிரிச்சுது. முடிவு வந்ததும் வீட்டு வாசல்ல ஒரே கூட்டம். 'அந்த ஒண்ணு அவனே போட்டுக்கிட்டதா இருக்கும். அப்போ பொண்டாட்டி யாருக்குப் போட்டா?'ன்னு எவனோ ஒருத்தன் எடுத்து விட்டான். மாமியார், நாத்தனார் எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க."

"அப்புறம்?"

"இவரு முந்திக்கிட்டாரு. 'எனக்கு நானே போட்டுக்கக் கூச்சமா இருந்துச்சு, எதிராளிக்குப் போட்டுட்டேன். அந்த ஒண்ணு இவ போட்டது'ன்னாரு. அதோட எல்லார் வாயும் மூடிச்சு."

"நல்லதுதானேம்மா?"

"என்ன நல்லது? நான் போடலையே!"

அக்கா நாற்காலியோடு திரும்பிவிட்டாள். "யாருக்குப் போட்டீங்க?"

"எதிராளிக்குத்தான். எங்க தெருவுக்குச் சாக்கடை கட்டித் தர்றேன்னாரு."

"கட்டினாரா?"

"எங்க கட்டினாரு! மழை பெஞ்சா இன்னும் எங்க வீட்டுக்குள்ளதான் ஓடுது."

"சொந்தப் புருஷன் நிக்கும்போது... எப்படித்தான் மனசு வந்துச்சோ," என்று அக்கா முணுமுணுத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாவம், அந்த மனுஷன்.

அந்த அம்மாவுக்கு அது காதில் விழாமல் இல்லை. "நீ சொல்றது சரிதாம்மா. எந்த விசேஷத்துக்குப் போனாலும், 'ஊரே கைவிட்டுச்சு, இவ கைவிடலை'ன்னு என்னைக் காட்டிப் பெருமையடிப்பாரு. எனக்குச் சுருக்குன்னு இருக்கும். சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். அந்த முகத்தைப் பார்த்தா வார்த்தை வராது."

"சரி, இப்ப என்ன பயம்?"

"எந்த பூத்துல யாருக்கு எத்தனைன்னு அடுத்ததா போடப் போறீங்களாமே! எங்க வார்டுல ஆம்பளைங்களுக்கு ஒரு பூத்து, பொம்பளைங்களுக்கு ஒரு பூத்து. பொம்பளைங்க பூத்துல அவருக்கு முட்டைன்னு இருந்தா? மருமக எதையும் விடமாட்டா, போன்ல தேடி எடுத்து அவருக்குக் காட்டிடுவா. வேற எவளாவது போட்டிருந்தா நான் தப்பிச்சேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"எதுவா இருந்தாலும் மறைக்க முடியாதும்மா," என்று கொஞ்சம் கறாராகவே சொன்னேன். ஆனால் ஆர்வம் யாரை விட்டது? எழுந்து போய் அந்த வருஷத்துக் கட்டை எடுத்து அவிழ்த்தேன்.

மூன்று தலைகளும் ஒரே தாளின் மேல் குனிந்தன. பெண்கள் வாக்குச்சாவடி: பூஜ்யம்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆண்கள் வாக்குச்சாவடி: அதிலும் பூஜ்யம்.

"ரெண்டுலயும் இல்லைன்னா அந்த ஒண்ணு வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?" என்றாள் அக்கா.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அடியில் சின்னதாக ஒரு வரி இருந்தது.

"தபால் ஓட்டும்மா. வார்டுக்கே ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு. அதுதான் இவருக்கு விழுந்திருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுன்னு எழுதியிருக்கு. அப்போ உங்க வார்டு ஆளு யாராவது ஆஸ்பத்திரியில இருந்தாங்களா?"

அந்த அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா?"

"அவருதான் இருந்தாரு. போஸ்டர் ஒட்டறேன்னு ஏணியிலேர்ந்து விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு. எண்ணிக்கைக்கு முந்தின நாள்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்."

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்போ அவரு தனக்குத்தானே போட்டிருக்காரு. அது ஒண்ணு. மொத்தமே ஒண்ணு. அப்படின்னா..."

"நான் போடலைன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் அந்த அம்மா மெல்ல. "தெரிஞ்சேதான் அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்காரு."

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சற்று முன் முணுமுணுத்த அக்காதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ஒண்ணை ரெண்டாக்க முடியுமா தம்பி? என் ஓட்டை இப்பப் போடறேன்."