குப்பாயிக்குத் தலைசுற்றல்

பத்து நாள் லாரி ஓட்டிய அலுப்பில் வேலுமணிக்குத் தரையே ஆடுவதுபோல் இருந்தது. ஆனாலும் மனைவி குப்பாயி தலைசுற்றல் என்றதால், தூங்காமல் அவளோடு நாமக்கல் காது டாக்டரிடம் வந்திருந்தான்.

“கண்ண மூடிட்டு, நின்ன எடத்துலயே அம்பது தரம் காலை மாத்தி மாத்தி வையிங்கம்மா. உள்காது சரியில்லீன்னா உடம்பு தானாத் திரும்பீரும்,” என்றார் டாக்டர்.

குப்பாயி இம்மியும் திரும்பவில்லை.

“இதுக்கா என்னை இழுத்துட்டு வந்தே?” என்றான் வேலுமணி.

“ஏனுங்க, நீங்க செஞ்சு காட்டுங்க பாக்கலாம்,” என்றாள் குப்பாயி.

வேலுமணி சலிப்போடு கண்ணை மூடி மிதித்தான்.

“பாத்தியா, அசையவே இல்ல!” என்று கண்ணைத் திறந்தான். எதிரே டாக்டர் இல்லை, சுவர் இருந்தது.

“உங்க பேருக்குத்தாங்க ஓ.பி. சீட்டுப் போடோணும்,” என்றார் டாக்டர், முதுகுக்குப் பின்னாலிருந்து.

காலையில் வாங்கியதிலிருந்து கைக்குள் மடித்து வைத்திருந்த ஓ.பி. சீட்டைக் குப்பாயி நீட்டினாள். அதில் ஏற்கனவே ‘வேலுமணி’ என்றுதான் எழுதியிருந்தது.