கிள்ளை வீட்டுச் சாட்சி

“கிள்ளை வூட்டுக்கு ரேட்டு போட்ட ஆளு யாருய்யா? அந்த மூஞ்சிய நான் பாக்கணும்!”

முதுநகர் கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு பெண் போட்ட சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற இருதயசாமிக்கு அவ்வளவு கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்றால் இதுதான்.

கோபம் அவருக்குக் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. பேங்க் லோனுக்காக வீடு, மனைகளுக்கு மதிப்பு போட்டுக் கொடுப்பவர்களின் சங்கம் அது. எல்லாரும் இனிமேல் புது விதிமுறைப்படிதான் மதிப்பு போட வேண்டும் என்று சிதம்பரத்துச் சபேசன் தீர்மானம் கொண்டுவந்திருந்தான். இன்றைக்கு ஓட்டெடுப்பு. சங்கத் தலைவர் இருதயசாமி அதைக் குழிதோண்டிப் புதைக்கவே வந்திருந்தார்.

“தலை நரைச்ச பொறவு கிளாசுக்குப் போவணுமாம், பரீட்சை எழுதணுமாம், வருசா வருசம் பணத்த அழுவணுமாம்! எவன் அப்பன் வூட்டுக் காசு?” என்று சற்று முன்புதான் மேசையைக் குத்தி முழங்கியிருந்தார். “அது பத்தாதுன்னு வூட்டுக்குள்ள போயி மூலை முடுக்கெல்லாம் பாக்கணுமாம், அக்கம்பக்கம் விசாரிக்கணுமாம். நாம என்ன பொண்ணா பாக்கப் போறோம்? ரோட்டுல கார நிறுத்தி ஒரு பார்வை பாத்தாப் போதும், செங்கல்லோட ஜாதகத்தையே சொல்லிருவேன்!”

“அப்பிடிப் போடுங்க தலைவரே!” என்று கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

சபேசன் எழுந்தான். “செலவு ஜாஸ்திதான் தலைவரே, இல்லேங்கல. எனக்கும்தான் வலிக்குது. ஆனா நம்ம கையெழுத்த நம்பி ஒரு குடும்பம்…”

“உக்காருய்யா! கிள்ளையில டேப்ப வெச்சு அளந்து, ரேட்டக் கொறச்சிட்டு வந்தியே, அந்த வூட்டுக்காரன் ஊரெல்லாம் காறித் துப்புனானே, மறந்துட்டியா?”

சபேசன் உட்கார்ந்தான். வாசலில் அந்தச் சத்தம் எழுந்தது அப்போதுதான்.

“அந்தம்மாவ உள்ள வுடுங்கய்யா!” என்றார் இருதயசாமி. தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு அவள் நேராக மேடைக்கு வந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். புடவைக் கரையெல்லாம் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. மழை பெய்து மாசக்கணக்காகிறதே, இதென்ன சேறு? ஏதாவது நண்டுக் குட்டையிலிருந்து அப்படியே ஓடி வந்திருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

“பேரு என்னம்மா?”

“ஜெயராணி சார்.”

“மதிப்பு போட்டவரு சரியாப் போடலியா?”

“சரியாவா? வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கிட்டு நிக்கிறேன் சார்! பேங்க்ல போயி சண்ட போட்டதுல அந்தாளு பேரச் சொன்னாங்க. இன்னிக்கி இங்க வருவாருன்னாங்க. பஸ்ஸேறி வந்துட்டேன். நாலு பேரு முன்னாடி நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கணும் சார்!”

“நல்லாக் கேளுங்க! பேரெல்லாம் வேணாம், அது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.” இருதயசாமி சபேசனை ஒரு முறை முறைத்தார். “நான் இருக்கேன், பயப்படாதீங்க.”

மைக்கை அவரே அவள் கையில் கொடுத்தார். கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைத் திறந்தார். “பாருங்கய்யா, விதிமுறை விதிமுறைன்னு ஏழை வயித்துல அடிக்கிற லட்சணத்த! சொல்லும்மா, எவ்ளோ கொறச்சாரு?”

“கொறச்சாரா?” ஜெயராணிக்குக் குரல் கிறீச்சிட்டது. “கொறச்சிருந்தா நான் பொழச்சிருப்பேனே சார்! நான் அந்த வூட்ட வித்தவ இல்ல, வாங்குனவ!”

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

“இவ்ளோ பெறும்னு பேங்க்கே சொல்லுதேன்னு நம்பி, இருந்த நகையெல்லாம் வித்து, மேல லோனும் போட்டு வாங்குனோம். அமாவாசை, பௌர்ணமி வந்தா உப்புத் தண்ணி அடுப்படி வரைக்கும் ஏறுது. செவுரு பொரிஞ்சி பொரிஞ்சி உதிருது. இன்னிக்கிக்கூட தண்ணியில நின்னுதான் சோறாக்கிட்டு வந்தேன். பக்கத்து வூட்டுல ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே! அந்தாளு கார வுட்டே எறங்கலியாம் சார்!”

இருதயசாமிக்கு அப்போதுதான் தான் மதிப்பு போட்ட ஒரு வீடு ஞாபகம் வந்தது. தை மாசம், கிள்ளை, நீலப் பெயின்ட் அடித்த வீடு. ரோடு ஒரே சேறாக இருக்கிறது என்று கார்க் கதவைக்கூட அவர் திறக்கவில்லை. ‘சேசுவே!’ என்று வாய்க்குள் முனகிக்கொண்டு, மைக்கை வாங்கிவிட அவசரமாகக் கையை நீட்டினார்.

ஜெயராணி அந்தக் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மைக் இன்னும் அவளிடம்தான் இருந்தது.

“இத்தினி பேருல நீங்க ஒருத்தருதான் சார் என் பேச்சக் காது குடுத்துக் கேட்டீங்க, நல்லா இருப்பீங்க. அந்த இருதயசாமி எவன்னு மட்டும் கொஞ்சம் காட்டிக் குடுங்க!”